கேபிள்காரரும் கலெக்டர் அலுவலகமும்

தொலைக்காட்சியில் வந்த ஒரு காட்சி முகம் சுளிக்க வைத்தது என்றால், சேலத்துக்காரர் ஒருவர் அதற்காக டெல்லிக்கு மனு எழுத வேண்டிய அவசியமில்லை. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் தொலைக்காட்சிக் கண்காணிப்புக் குழு ஒன்று அமைய வேண்டும் என்று மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் வகுத்த வழிகாட்டுதல் இருக்கிறது. காவல்துறை உயரதிகாரி, மக்கள் தொடர்பு அலுவலர், மகளிர் கல்லூரி முதல்வர் ஒருவர், பெண்கள் நலனுக்கும் குழந்தைகள் நலனுக்கும் உழைக்கும் தொண்டு நிறுவனங்களின் பிரதிநிதிகள் ஆகியோர் அதில் இடம்பெற வேண்டும். உள்ளூர் கேபிள் சேனலைப் பற்றிய புகார் என்றால் அந்தக் குழுவே கவனிக்கும். நாடு முழுவதும் தெரிகிற செயற்கைக்கோள் சேனல் என்றால் மாநிலக் குழுவின் வழியாக அமைச்சகத்துக்கு அனுப்பி வைக்கும். கல்லூரியில் அரசியலமைப்புப் பாடம் நடத்துகிறவன் நான். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிக்கிறார்கள். பட்டா மாறுதலுக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் திங்கட்கிழமை மனுவோடு நிற்கிற வரிசையில், ராத்திரி பார்த்த நெடுந்தொடரைப் பற்றிய மனுவோடு ஒருவர் நிற்பதை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கண்ணியத்தைக் காக்கிறேன் என்று அரசு ஒளிபரப்புக்குள் கைவைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், கைவைக்கலாம், ஆனால் மணிக்கட்டுக்கு மேல் போகக் கூடாது என்பதுதான். எந்த நேரத்தில் எதை ஒளிபரப்பலாம், பார்ப்பவருக்கு முன்கூட்டியே என்ன சொல்ல வேண்டும், புகார் வந்தால் எத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்பதையெல்லாம் சட்டம் வகுக்கட்டும். எது நல்ல ரசனை, எது கெட்ட ரசனை என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை மட்டும் ஆட்சியில் இருப்பவர்களிடம் கொடுக்கக் கூடாது. இது சுதந்திரப் பற்றினால் மட்டும் வந்த முடிவு அன்று. நம்முடைய சட்டத்தில் கண்ணியம் என்பது தனியாக நிற்பதில்லை. அரசுக்குப் பிடிக்காத வேறு பலவற்றோடு ஒரே பட்டியலில் நிற்கிறது. அந்தப் பட்டியல் நீண்ட கதையில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு.

1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, 19ஆவது பிரிவு பேச்சுரிமையைக் கொடுத்தது. அதன் இரண்டாவது உட்பிரிவு அந்த உரிமைக்கு வரம்புகளைச் சொன்னது. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, கண்ணியத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஊறு செய்பவை, அரசின் பாதுகாப்பைக் குலைப்பவை என்று அந்த வரம்புகள் அப்போது சிலவாகவே இருந்தன. பொது ஒழுங்கு என்ற காரணம் அதில் இல்லை. அடுத்த மாதமே, பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றைய சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த மலபாரிலிருந்து வந்தவர்கள். குடியரசுக்கு அப்போது வயது மூன்று வாரம்கூட நிறையவில்லை.

பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் காங்கிரஸ் அரசுகளைக் கடுமையாகச் சாடிவந்த இடதுசாரி ஏடு. மார்ச் 1 அன்று சென்னை அரசு, மாகாணப் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் அந்த இதழ் மாகாணத்துக்குள் நுழைவதற்கும் விற்கப்படுவதற்கும் தடை போட்டது. சேலம் சிறையில் நடந்ததையும் இந்தத் தடையையும் இணைத்தே வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தேதிகளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். தாப்பர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மே 26 அன்று வந்த தீர்ப்பில், பெரும்பான்மை நீதிபதிகளின் சார்பாக எழுதிய பதஞ்சலி சாஸ்திரி, பொது ஒழுங்கு என்ற பரந்த காரணத்தைக் காட்டிப் பேச்சுரிமையைப் பறிக்க அரசியலமைப்பு இடம் தரவில்லை என்று சொல்லி அந்தச் சட்டப்பிரிவைச் செல்லாததாக்கினார். ஒன்றிய அரசு அந்தத் தீர்ப்புக்கு அரசியலமைப்பைத் திருத்தியே பதில் சொன்னது. 1951 ஜூனில் வந்த முதல் திருத்தம் பொது ஒழுங்கு, வெளிநாடுகளுடனான நட்புறவு, குற்றம் செய்யத் தூண்டுதல் என்ற மூன்றையும் வரம்புகளோடு சேர்த்தது. கட்டுப்பாடுகள் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்ததும் அதே திருத்தத்தில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னாளில் நீதிமன்றங்கள் பற்றிக்கொண்ட கொம்பு அதுதான்.

தொலைக்காட்சி ஆபாசத்தைப் பற்றிப் பேச வந்தவன் சிறைச்சாலைத் துப்பாக்கிச் சூட்டுக்கு ஏன் போனேன் என்று கேட்கலாம். 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஆறாவது விதியை எடுத்துப் படித்தால் காரணம் புரியும். இந்தியாவில் எந்தச் சேனலும் மீறக் கூடாத நிகழ்ச்சி நெறிமுறை அதுதான். 'நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும்' எதிரானது எதையும் ஒளிபரப்பக் கூடாது என்பது முதல் உட்பிரிவு. அடுத்த உட்பிரிவே நட்பு நாடுகளை விமர்சிக்கக் கூடாது என்கிறது. பிறகு மதங்களைத் தாக்குவது, ஆபாசம், அவதூறு, அரைகுறை உண்மை, வன்முறையைத் தூண்டுவது, நீதிமன்ற அவமதிப்பு, குடியரசுத் தலைவரின் நேர்மைமீது ஐயம் கிளப்புவது, தனிமனிதர்களை விமர்சிப்பது, பெண்களை இழிவுபடுத்துவது என்று பட்டியல் நீள்கிறது. நட்பு நாட்டை விமர்சிப்பதும் ஒரு நடன அசைவும் ஒரே விதியின் அடுத்தடுத்த வரிகளாக இருக்கும் இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போது, எழுதியவர்கள் அவசரத்தில் எழுதினார்களா, நிதானமாகவே எழுதினார்களா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பட்டியலில் என் மனதுக்கு நெருக்கமான உட்பிரிவு ஒன்று உண்டு. மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சியை ஒளிபரப்பக் கூடாதாம். காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் தொலைக்காட்சியைப் போட்டால், இந்த ராசிக்காரர் இந்தக் கல்லை இந்த விரலில் போட்டுக்கொண்டால் கடன் தீரும் என்று சொல்கிறவர் இல்லாத சேனலைத் தேடிக் கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும். இந்த உட்பிரிவின்கீழ் அவருக்கு எந்தத் தொந்தரவும் வந்ததாகத் தெரியவில்லை.

தொந்தரவு வந்தது செய்திச் சேனல்களுக்கு. 2016இல் பதான்கோட் தாக்குதலைப் பற்றிய செய்திக்காக என்டிடிவி இந்தியா ஒருநாள் ஒளிபரப்பை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. கண்டனம் வலுத்த பிறகு அது நிறுத்திவைக்கப்பட்டது. 2020 மார்ச்சில் டெல்லிக் கலவரத்தைப் பற்றிய செய்திகளுக்காக ஏசியாநெட் நியூஸ், மீடியாஒன் என்ற இரண்டு மலையாளச் சேனல்கள் 48 மணி நேரம் ஒளிபரப்பக் கூடாது என்று உத்தரவிடப்பட்டு, மறுநாளே அதுவும் விலக்கிக்கொள்ளப்பட்டது. இவை எல்லாமே நிகழ்ச்சி நெறிமுறையின் பெயரால் நடந்தவை. 2007இல் உலகின் கவர்ச்சி விளம்பரங்களைத் தொகுத்துக் காட்டிய நிகழ்ச்சிக்காக ஏஎக்ஸ்என் சேனலுக்கும், அரைகுறை ஆடைக் காட்சிகளுக்காக எஃப்டிவிக்கும் இரண்டு மாதத் தடை போட்டபோது கைகொட்டி வரவேற்ற பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். அன்று ஓங்கிய கையும் 2020இல் ஓங்கிய கையும் ஒன்றுதான் என்பதை அவர்களிடம் சொன்னால், 'அது வேற சார், இது வேற' என்கிறார்கள். விதியில் வேறு வேறாக இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், எதையும் எப்போதும் ஒளிபரப்பலாம் என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. புத்தகத்தை ஒருவர் கடைக்குப் போய், காசு கொடுத்து வாங்கி, பக்கத்தைப் புரட்டித்தான் படிக்க வேண்டும். எழுத்தாளர் பெருமாள்முருகனின் நாவலைப் பற்றிய வழக்கில் 2016இல் சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காத புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்ற பொருளில் சொன்னது; பக்கத்து மாவட்டத்தில் எழுந்த அந்தச் சச்சரவுக்கு அதுவே சரியான பதில். தொலைக்காட்சியில் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்பே காட்சி வந்துவிடுகிறது. பார்த்துக்கொண்டிருப்பது ஏழு வயதுப் பிள்ளையா, எழுபது வயதுப் பெரியவரா என்று அதற்குத் தெரியாது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இல் இந்த வேறுபாட்டின்மீதுதான் தீர்ப்பை நிறுத்தியது. நியூயார்க்கின் டபிள்யூபிஏஐ என்ற வானொலி நிலையம் 1973 அக்டோபரில் ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, ஜார்ஜ் கார்லின் என்ற நகைச்சுவையாளர் கெட்ட வார்த்தைகளை அடுக்கிப் பேசிய ஒலிப்பதிவை ஒலிபரப்பியது. மகனோடு காரில் போய்க்கொண்டிருந்த ஒரு தந்தை அதைக் கேட்டுவிட்டு, ஒலிபரப்பை மேற்பார்க்கும் அந்நாட்டு அரசின் தகவல்தொடர்பு ஆணையத்துக்குப் புகார் எழுதினார். வானொலி வீட்டுக்குள் தானே நுழைகிறது, குழந்தைகளின் காதுக்கும் எளிதில் எட்டுகிறது, ஆகவே ஆணையம் கட்டுப்படுத்தலாம் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். நான்கு பேர் ஒப்பவில்லை. அங்கே இன்றும் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. இந்த அதிகாரம் காற்றில் இலவசமாக வரும் ஒலிபரப்புக்கும் ஒளிபரப்புக்கும் மட்டுமே. பணம் கட்டிப் பார்க்கும் கேபிள் சேனலுக்குக் கிடையாது. நம் நாட்டில் கதை தலைகீழ். மாதச் சந்தா கட்டித் தேர்ந்தெடுத்துப் பார்க்கும் சேனலும் அதே நெறிமுறைக்குள்தான் வருகிறது.

அந்த நாட்டைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. 2004இல் ஓர் அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தின் இடைவேளைக் கலை நிகழ்ச்சியில் ஒரு பாடகியின் மார்பு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தெரிந்துவிட்டது என்று சிபிஎஸ் நிறுவனத்துக்கு 5,50,000 டாலர் அபராதம் போட்டார்கள். 2006இல் அபராதத்தின் உச்சவரம்பைப் பத்து மடங்காக்கி, ஒரு மீறலுக்கு 3,25,000 டாலர் என்று சட்டம் போட்டார்கள். சிபிஎஸ்ஸின் அபராதத்தைப் பிற்பாடு நீதிமன்றம் ரத்து செய்தது. எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் ஒரு நிமிடக் கோபத்தை விலையாக மாற்றுவதுதான் அங்கேயும் நடந்தது. எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய நேர வரம்பை மட்டும்தான். அதுவும் நம்மிடம் பாதி இருக்கிறது. குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்குப் பொருந்தாததைப் போடக் கூடாது என்று ஆறாவது விதியிலேயே இருக்கிறது. சேனல்கள் தாமாக அமைத்த புகார்க் குழுவின் நெறிகள், பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகளை இரவு பதினொன்று முதல் காலை ஐந்துவரை ஒதுக்குகின்றன.

நேர வரம்பு எப்படி வேலை செய்யும் என்பதை நான் சட்டப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அம்மாபேட்டையில் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருமுனையில் மாடிமீது ஓர் அறை. அதில்தான் எங்கள் கேபிள்காரர் இருந்தார். சுவரோடு சுவராக இரும்புச் சட்டத்தில் ரிசீவர்களும் மாடுலேட்டர்களும் அடுக்கியிருக்கும். மேசைமேல் ஒரு விசிஆர், அதன் பக்கத்தில் சிவப்புத் தொலைபேசி. இரவு எட்டு மணிக்கு லோக்கல் சேனலில் படம் போடுவார். அது தறி ஓடும் வட்டாரம். பாவு பூட்டிய தறியில் ஒருவர் உட்கார்ந்திருக்க, ஊடை சுற்றிக்கொண்டே வீட்டுப் பெண்கள் எதிர்ச்சுவர்த் தொலைக்காட்சியைப் பார்ப்பார்கள். பிள்ளைகள் அங்கேயே தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். மழைப்பாட்டு ஒன்று ஆரம்பித்துவிட்டால் போதும், தொலைபேசி அடிக்கும். “ஏங் கண்ணு, புள்ளைங்க சோறு தின்னுட்டிருக்கிற நேரத்துல இதையா போடறது?” என்று மறுமுனையில் ஒரு குரல். “இருங்கக்கா, தள்ளி உடறேன்” என்பார் அவர். உடனே திரையில் கோடு கோடாகப் படம் ஓடும்; கதாநாயகி நனைந்த சேலையோடு மின்னல் வேகத்தில் மலையிறங்கிப் போவாள்; தெருவே சிரிக்கும். அதே படத்தைப் பத்தரைக்கு மேல் மறுபடி போடும்போது எதையும் தள்ள மாட்டார். யாரும் கூப்பிடவும் மாட்டார்கள்.

அவர் எந்த நெறிமுறையையும் படித்தவர் அல்லர். மாதம் பிறந்தால் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் காசு வசூலிக்கப் போக வேண்டும். போன இடத்தில் அக்காமார்கள் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்லாவிட்டால் காசு வராது. அந்தப் பயம் ஒன்றே அவரை ஒழுங்குபடுத்தியது. ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தும் முறைகளில் நான் பார்த்தவற்றிலேயே நன்றாக வேலை செய்தது அதுதான்.

ஆனால் அந்தச் சிவப்புத் தொலைபேசிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. திருமணிமுத்தாற்றில் சாயப்பட்டறைக் கழிவு நுரைத்து ஓடுவதை ஒரு முறை அவர் கேமராவில் எடுத்து லோக்கல் சேனலில் செய்தியாகப் போட்டார். அன்றைக்கே ஓர் அரசியல் பிரமுகர் பேசினார். ஆபாசப் பாட்டுப் போடுவதாகப் புகார் வந்திருக்கிறது, தாசில்தாரிடம் சொன்னால் சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். ஆற்றைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. 1995ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தில் கருவிகளைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் இருந்தது, முதல் குற்றத்துக்கே இரண்டாண்டுவரை சிறைத் தண்டனையும் இருந்தது. சிறைத் தண்டனையை நீக்கியது 2023இல் வந்த சட்டத் திருத்தம். மறுநாள் அந்தச் செய்தி மறு ஒளிபரப்பு ஆகவில்லை. கண்ணியம் என்ற காரணம் எதற்கெல்லாம் கைகொடுக்கும் என்பதற்கு இதைவிட நெருங்கிய சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை. மழைப்பாட்டைப் போட்டதற்காக அவருடைய மாடியேறி எந்த அதிகாரியும் வந்ததில்லை.

கேபிள் டிஜிட்டல் ஆன பிறகு அந்த அறைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. சென்னையிலோ வேறெங்கோ இருக்கிற கட்டுப்பாட்டு அறையிலிருந்து சேனல்கள் மொத்தமாக வருகின்றன. செட்டாப் பாக்ஸுக்குள் பெற்றோர் பூட்டு இருக்கிறது, அதன் ரகசிய எண் பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. 2007இல் தொடங்கி, 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்து பரவிய அரசு கேபிள் டிவி நிறுவனத்தால் கேபிள்காரர் வேலையையே மாநில அரசு பார்க்கிறது. விலை குறைந்ததில் ஏழை வீடுகளுக்கு நன்மைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எந்தச் சேனல் எந்த எண்ணில் தெரியும், தெரியுமா தெரியாதா என்பதும் அரசின் கைக்குப் போயிற்று. பிடிக்காத செய்திச் சேனல் பட்டியலின் அடியாழத்துக்குப் போகிறது என்ற குற்றச்சாட்டு ஆட்சி மாறினாலும் மாறாமல் எழுந்துகொண்டிருக்கிறது. அதற்கு நெறிமுறை மீறல் என்ற சாக்குகூடத் தேவைப்படுவதில்லை.

கண்ணியத்தின் பெயரால் அரசு மட்டும்தான் வாயை மூடுகிறது என்று சொன்னால் அதுவும் நேர்மையாக இருக்காது. 2005இல் நடிகை குஷ்பு ஒரு வார இதழின் கருத்துக்கணிப்பையொட்டித் திருமணத்துக்கு முந்தைய உறவைப் பற்றிச் சொன்ன கருத்துக்காக அவர்மீது தமிழ்நாட்டின் பல நீதிமன்றங்களில் புகார்கள் குவிந்தன. எங்கள் மாவட்டத்தின் மேட்டூர் நீதிமன்றத்தில் அந்த ஆண்டு நவம்பரில் அவர் ஆஜராக வந்தபோது முட்டையும் தக்காளியும் செருப்பும் பறந்தன. பண்பாட்டைக் காப்பாற்றுவதாகச் சொல்லி ஒரு பெண்மீது செருப்பு வீசிய காட்சியை அன்று மாலை எல்லாச் சேனல்களும் திரும்பத் திரும்பக் காட்டின. அதில் யாருக்கும் கண்ணியக் குறைவு தெரியவில்லை. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 23 குற்றவியல் புகார்களையும் ரத்து செய்தது. ஒழுக்கத்தைப் பற்றிய கருத்து ஆளுக்கு ஆள் மாறுவது, ஒழுக்கக் கேடாகச் சிலருக்குத் தோன்றுவதெல்லாம் குற்றமாகிவிடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். இடையில் கடந்தது நான்கரை ஆண்டு. கருத்துச் சொல்ல வாய் திறக்கும் எவருக்கும் அந்த நான்கரை ஆண்டுதான் நினைவுக்கு வரும், தீர்ப்பு வராது.

திரைப்படத்தின் கதை இதிலிருந்து வேறானது. ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் படக்கம்பெனியின் காலத்திலிருந்தே படம் வெளிவருமுன் தணிக்கைக்குப் போகிறது. 1970இல் கே. ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் அந்த முன்தணிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதற்குள் இப்போது நுழையவில்லை.

எனக்கு உண்மையிலேயே முகம் சுளிக்க வைக்கும் காட்சிகளைச் சொல்கிறேன். தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்தால், இறந்தவரின் முகத்தை அவருடைய வீட்டாருக்குத் தகவல் போகுமுன்பே செய்தியில் காட்டுகிறார்கள். ஆறு வயதுக் குழந்தை மேடையில் பெரியவர்களுக்கான பாட்டுக்கு இடுப்பை அசைக்கிறது. நடுவர் எழுந்து நின்று கைதட்டுகிறார். தோற்றால் அதன் அழுகையை நெருங்கிப் போய் எடுக்கிறார்கள். கணவன் மனைவியை அறைவதை மூன்று கோணத்தில் மூன்று முறை காட்டும் நெடுந்தொடர் மாலையில் ஓடுகிறது. இவற்றைப் பற்றி அமைச்சகத்துக்குத் தெரியாமல் இல்லை. குழந்தைகளின் நடனத்தைப் பற்றி 2019 ஜூனிலும், ரத்தமும் பிணமும் அப்பட்டமாகக் காட்டப்படுவதைப் பற்றி 2023 ஜனவரியிலும் அறிவுரைக் கடிதங்கள் போயின. அறிவுரையோடு நின்றன. அதே அமைச்சகம் 2017 டிசம்பரில் ஆணுறை விளம்பரங்களைக் காலை ஆறு முதல் இரவு பத்துவரை காட்டவே கூடாது என்றது; கேள்விகள் எழுந்த பிறகு, ஆபாசமான விளம்பரங்களுக்கு மட்டும்தான் அந்தக் கட்டுப்பாடு என்று விளக்கம் சொன்னது. எதற்குக் கோபம் வருகிறது, எதற்கு வருவதில்லை என்பதை வைத்தே ஓர் அரசின் ரசனையை அறிந்துகொள்ளலாம்.

அரசின் ரசனை என்றதும் வானொலி நினைவுக்கு வருகிறது. 1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கருக்குத் திரைப்பாடல்கள் தரமற்றவை என்பது உறுதியான எண்ணம். அகில இந்திய வானொலியில் அவை மெல்ல மெல்ல இல்லாமல் போயின. சாஸ்திரிய இசையைக் கேட்டு மக்கள் மேம்படுவார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த என் பெரியப்பா சொல்வார்: சாயங்காலமானால் லயன் வீடுகளின் முன்னால் ஒரே ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடும், முள்ளைத் திருப்பினால் இலங்கை வானொலி, அவ்வளவுதான். அமைச்சரின் கொள்கையால் லாபம் அடைந்தது கொழும்பு. 1957 அக்டோபரில் விவித்பாரதியைத் தொடங்கித் திரைப்பாடல்களை அரசே திரும்பக் கொண்டுவந்தது. தனியார் பண்பலைகளில் இன்று எந்தப் பாட்டையும் போடலாம். சொந்தமாகச் செய்தி வாசிக்கத்தான் அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை எழுத்து மாறாமல் எடுத்து ஒலிபரப்பலாம், அதோடு சரி. தொகுப்பாளர் இரட்டை அர்த்தத்தில் பேசலாம். மாநகராட்சித் தண்ணீர் ஏன் வரவில்லை என்று செய்தியாக வாசிக்கக் கூடாது.

வழி என்ன என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், அலைக்கற்றை மக்களின் சொத்து, அரசுக்கும் சொந்தமில்லை, தனியாருக்கும் சொந்தமில்லை, அதைச் சுதந்திரமான பொது அமைப்பு ஒன்று நிர்வகிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 1997இல் வந்த ஒலிபரப்பு மசோதா காலாவதியானது. பிறகு வந்த வரைவுகளும் கரை சேரவில்லை. 2023 நவம்பரில் வெளியிட்ட வரைவு இணையத் தொடர்களையும் வளைக்கப் பார்க்கிறது என்று எதிர்ப்பு எழுந்து சட்டமாகாமல் நின்றது. உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை அப்படியோர் அமைப்பு இன்றுவரை இல்லை. 2021இல் திருத்திய விதிகள் மூன்று படிகளை வைத்திருக்கின்றன: முதலில் சேனலிடமே புகார், அங்கே 15 நாளில் பதில், திருப்தி இல்லாவிட்டால் சேனல்கள் சேர்ந்து அமைத்த குழு, அதற்கும் மேலே அமைச்சகத்தின் குழு. முதல் இரண்டு படிகளையும் நான் வரவேற்கிறேன். மூன்றாவது படியில் அதிகாரிகளுக்குப் பதில் ஆட்சி மாறினாலும் மாறாத, காரணத்தை எழுதி வெளியிடக் கடமைப்பட்ட அமைப்பு உட்கார வேண்டும். காரணத்தை வெளியிடுவது ஏன் முக்கியம் என்பதற்கு மீடியாஒன் வழக்கே போதும்: உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த அரசு காரணத்தை மூடிய உறையில் நீதிமன்றத்திடம் கொடுத்தது, 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது.

டெல்லியில் அது நடக்கும்வரை காத்திருக்காமல் சேலத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு வரும் புகார்களை, எந்தச் சேனல், எத்தனை மணி, என்ன குறை, என்ன முடிவு என்ற நான்கு விவரங்களோடு மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். ஆபாசம் என்று வந்த புகாருக்குப் பின்னால் ஆறு இருக்கிறதா, மழைப்பாட்டு இருக்கிறதா என்பதை ஊரே பார்த்துக்கொள்ளும். என் மாணவர்கள் சிலர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு தயாரித்திருக்கிறார்கள். குழு கடைசியாகக் கூடிய தேதி எது, உறுப்பினர்கள் யார் யார், இதுவரை வந்த புகார்களில் செய்தியைப் பற்றியவை எத்தனை, மற்றவை எத்தனை என்பவை அவர்களுடைய கேள்விகள். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் அதை அப்படியே இங்கே போடுகிறேன்.